தோப்பில் ஓடும் புல்வெட்டி: ஏற்றத்தாழ்வான வெட்டுக்குக் காரணமும் பரிகாரமும்

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையிலும், செம்பட்டி வழியாக வத்தலக்குண்டு செல்லும் சாலையிலும் பயணம் செய்வோர் மாந்தோப்புகளையும் தென்னந்தோப்புகளையும் கண்டு மகிழ்வர். ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து ஓய்ந்ததும் இத்தோப்புகளில் மரங்களுக்கிடையே புல்லும் கோரையும் நாயுருவியும் பார்த்தீனியமும் முழங்காலுக்கு மேல் வளர்ந்துவிடுகின்றன. முன்னாளில் இவற்றை அரிவாள் கொண்டு அறுத்தனர். அறுக்க ஆள் கிடைக்காத இந்நாளில், டிராக்டருக்குப் பின்னால் பூட்டி ஓட்டும் சுழல் புல்வெட்டி பல ஊர்களுக்கு வந்திருக்கிறது. விவசாயிகள் இதனை ‘ஸ்லாஷர்’ என்றே அழைக்கின்றனர். தோப்புக்கு மட்டுமன்றி, கண்மாய்க் கரை, ஊர்ச் சாலையோரம், விளையாட்டு மைதானம் ஆகியவற்றைச் சுத்தம் செய்யப் பஞ்சாயத்துகளும் இதனை வாடகைக்கு அமர்த்துவதுண்டு.

இந்த யந்திரத்தைப் பற்றி நம்மிடம் வரும் புகார்களில் முதன்மையானது ஒன்றே: “வெட்டு ஒரே சீராக இல்லை, ஒரு பக்கம் மொட்டையாகவும் ஒரு பக்கம் நெட்டையாகவும் நிற்கிறது” என்பதாகும். இக்குறைக்குரிய காரணங்களையும், அவற்றைச் செலவின்றியோ சிறு செலவிலோ தீர்க்கும் வழிகளையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

நாம் கற்ற பாடம்

நாமே தவறிய ஒரு நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுவது நலம். நமது வட்டாரத்தில் ஒரு சிற்றூர். அவ்வூர் விவசாயிகள் சிலர் குழுவாகச் சேர்ந்து, 5 அடி அகலம் வெட்டும் புல்வெட்டி ஒன்றை வாங்கினர். முதலாண்டு யந்திரம் நன்றாக உழைத்தது. மறு ஆண்டு கார்த்திகையில் தகராறு தொடங்கியது. வெட்டி முடித்த தோப்பில் புல் படிக்கட்டுப் போல வரிசை வரிசையாக நின்றது. ஒன்றரை ஏக்கர் தென்னை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், “பாதி வெட்டுக்கு முழு வாடகை கேட்டால் எப்படித் தம்பி?” என்றார். “அலகு மழுங்கிப் போயிருக்கிறது, ஐயா, அதற்கு நான் என்ன செய்வேன்?” என்றார் டிராக்டர் ஓட்டுநர்.

இருவரும் நம்மிடம் வந்தனர். நாமும் யந்திரத்தைப் போய்ப் பாராமலேயே, “புது அலகு வாங்கிப் போடுங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டோம். குழுவின் சேமிப்பிலிருந்து பணம் எடுத்துப் புது அலகு போட்டார்கள். புல் முன்போலவே படிக்கட்டாக நின்றது. ஓட்டுநர் மனம் நொந்து வருவதை நிறுத்திக்கொண்டார். யந்திரம் கொட்டகையில் கிடந்தது. அதன்மேல் கோழிகள் அடைந்தன. மார்கழியும் தையும் கழிந்தன. பெரியவர் தோப்பில் அரைகுறையாக வெட்டுப்பட்ட பார்த்தீனியம் அடியிலிருந்து கிளைத்துப் பூத்து விதை சிந்தியது. அவரும் அவர் மனைவியாரும் அடுத்த மழைக்காலத்தில் அதனைக் கையாலேயே பிடுங்க நேர்ந்தது.

பழுது அலகில் இல்லை என்பது பின்னரே தெரிந்தது. எங்கே இருந்தது என்பதை இறுதியில் சொல்கிறோம். அதற்கு முன், யந்திரத்தின் இயல்பை அறிந்துகொள்வோம்.

உழாமல் வெட்டுவது ஏன்?

“தோப்பில் புல்லை உழுது புரட்டிவிட்டால் போயிற்று, வெட்டுவானேன்?” என்று கேட்போர் உண்டு. தென்னையின் வேர்களிற் பெரும்பகுதி மரத்தைச் சுற்றி ஓர் ஆள் உயர தூரத்துக்குள், மேல் மண்ணிலேயே பரவியிருக்கிறது. அடிக்கடி ஆழ உழுதால் அவ்வேர்கள் அறுபடும். மேலும், நமது செம்மண் சமவெளியில் கோடை வெயில் மண்ணை விரைவில் காயவைத்துவிடும். புல்லை 3 அங்குலம் விட்டு வெட்டி அங்கேயே பரப்பினால், அது மூடாக்காகி ஈரத்தைக் காக்கிறது. சரிவான நிலத்தில் மழைநீர் மண்ணை அரித்துச் செல்வதையும் தடுக்கிறது.

ஆனால் இந்தப் பயன் முழுவதும் வெட்டு ஒரே சீராக இருப்பதைப் பொறுத்தது. தாழ்ந்த பக்கத்தில் அலகு தரையைச் சுரண்டினால், அங்கே மண் வெயிலுக்குத் திறந்து கிடக்கும். கல் அடித்து அலகும் கெடும். உயர்ந்த பக்கத்தில் களை தப்பிப் பிழைத்துப் பூக்கும். பார்த்தீனியம் 1950-களில் புணே நகருக்கு அருகில் கண்டறியப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவிய களையாகும். ஒரு செடி பல ஆயிரம் விதைகளை உண்டாக்க வல்லது. ஆகவே சீரற்ற வெட்டைக் கண்ணுக்கு அழகில்லாத குறை என்று மட்டும் எண்ணி விட்டுவிடலாகாது. அது ஈரத்தையும் பணத்தையும் அடுத்த ஆண்டின் உழைப்பையும் சேர்த்து இழப்பதாகும்.

யந்திரம் வேலை செய்யும் விதம்

புல் வெட்டும் யந்திரத்தின் கதை நெசவோடு சம்பந்தப்பட்டது. இங்கிலாந்தில் ஸ்ட்ரவுடு என்னும் ஊருக்கு அருகில் வாழ்ந்த எட்வின் பட்டிங் என்பவர், கம்பளித் துணியின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிரைக் கத்தரித்துச் சமப்படுத்தும் ஆலை யந்திரத்தைக் கண்டு, அதே முறையில் புல்லையும் வெட்டலாம் என எண்ணி 1830-ஆம் ஆண்டில் ஒரு யந்திரம் செய்தார். அது கையால் தள்ளுவது. உருளையில் அலகுகள் கொண்டது. இன்று தோப்பில் ஓடுவது வேறு வகை. இதில் இரும்புத் தட்டின் அடியில் அலகுகள் படுக்கைவாட்டில் சுழல்கின்றன.

டிராக்டரின் பின்புறத்திலுள்ள பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுழலும்படி அமைக்கப்பட்டுள்ளது. அச்சுழற்சி இணைப்புத் தண்டின் வழியாகப் புல்வெட்டியின் கியர் பெட்டிக்குச் சென்று, அங்கே வேகம் கூட்டப்பட்டு, செங்குத்தான அச்சில் அலகுகளைச் சுழற்றுகிறது. அலகுகள் பெரும்பாலும் இரண்டு. அவை ஒரு தாங்கியில் தடித்த போல்ட்டினால் தளர்வாகப் பொருத்தப்பட்டிருக்கும். சுழலும்போது வெளிநோக்கி விரிந்து நிற்கும். கல்லிலோ கட்டையிலோ மோதினால் மடங்கிக்கொடுக்கும்.

தட்டு முழுவதையும் தாங்குவது டிராக்டரின் மும்முனைப் பிணைப்பாகும். கீழே இரண்டு கைகள், மேலே ஒரு ‘டாப் லிங்க்’ என அமைந்த இம்முறையை வகுத்துத் தந்தவர் அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி பெர்குசன். கீழ்க் கைகள் தட்டின் இடவலச் சமனையும், டாப் லிங்க் முன்பின் சரிவையும் நிர்ணயிக்கின்றன. இம்மூன்றில் ஒன்று பிசகினாலும் வெட்டு பிசகும்.

பரிசோதனைக்கு முன் எச்சரிக்கை

யந்திரத்தை நெருங்குமுன் பின்வருவனவற்றைத் தவறாது கடைப்பிடிக்க வேண்டும். பி.டி.ஓ.வைத் துண்டித்து, எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொள்க. எஞ்சின் நின்ற பின்னும் அலகு சிறிது நேரம் சுழலும். அது முற்றிலும் நிற்கும்வரை காத்திருக்க. தட்டின் அடியில் கை வைக்க நேர்ந்தால், ஹைட்ராலிக் தூக்கியிருப்பதை மட்டும் நம்பலாகாது. தடித்த மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்த பிறகே கை வைக்க வேண்டும். இணைப்புத் தண்டின் மேலுறை இன்றி ஒருபோதும் ஓட்டலாகாது. வேட்டியின் முனையோ, தோளில் கிடக்கும் துண்டோ சுழலும் தண்டில் சிக்கினால் ஆளைக் காப்பாற்ற அவகாசம் கிடைக்காது.

5 அடி விட்டத்தில் அலகு நிமிடத்துக்கு 800 முறை சுற்றுவதாகக் கொண்டால், அதன் முனை மணிக்கு ஏறத்தாழ 230 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அவ்வேகத்தில் அடிபட்ட கல்லோ கம்பித் துண்டோ நெடுந்தூரம் பறக்கும். ஆதலால் வெட்டுவதற்கு முன் தோப்பை ஒருமுறை நடந்து பார்த்து, கல், கம்பி, மட்டை, சொட்டுநீர்க் குழாய் ஆகியவற்றை அகற்றுக. வேலை நடக்கும்போது குழந்தைகளும் ஆடுமாடுகளும் தோப்பில் இருக்கலாகாது.

குச்சிச் சோதனை

காரணத்தை ஊகிக்காமல் அளந்து அறிவதே சிக்கனமான வழி. அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு முழக் குச்சியில் அங்குலக் கோடுகள் போட்டுக்கொண்டால் போதும்.

ஓரளவு சமமான இடத்தில் 50 அடி தூரம் வெட்டி நிறுத்துக. வெட்டிய பட்டையின் குறுக்கே இடது ஓரம், நடு, வலது ஓரம் என மூன்று இடங்களில் குச்சியை நட்டு, நிற்கும் புல்லின் உயரத்தைக் குறித்துக்கொள்க. பத்தடி தள்ளி மறுபடியும் அளக்க. மூன்று வரிசை அளந்தால் நோய் என்னவென்று புல்லே சொல்லிவிடும்.

ஒரு பக்கம் எப்போதும் தாழ்வாகவும் மறுபக்கம் எப்போதும் உயரமாகவும் இருந்தால், தட்டு இடவலமாகச் சாய்ந்திருக்கிறது. அடுத்தடுத்த பட்டைகளுக்கு நடுவே மெல்லிய கோடாகப் புல் நின்றால், பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று போதிய அளவு ஏறவில்லை. டயர் சென்ற தடத்தில் மட்டும் புல் நின்றால், டயரின் கீழ் படுத்த புல் நிமிர்வதற்குள் அலகு கடந்துவிட்டது. ஓடும் திசையில் அலை அலையாக உயர்ந்து தாழ்ந்தால், வேகம் மிகுதி அல்லது பிணைப்பில் ஆட்டம் இருக்கிறது. புல்லின் நுனி கிழிந்து, இரண்டொரு நாளில் வெளுத்துப் போனால் அலகு மழுங்கியிருக்கிறது அல்லது சுழற்சி குறைந்திருக்கிறது. மேடான இடங்களில் மட்டும் மண் சுரண்டப்பட்டால், வெட்டும் உயரம் அந்த நிலத்துக்குப் பொருந்தவில்லை.

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குக

பரிகாரங்களை ஒரு வரிசைப்படி செய்ய வேண்டும். செலவில்லாதது முதலிலும் செலவுள்ளது கடைசியிலும் வரவேண்டும்.

முதலாவது, டயரின் காற்று. டிராக்டரின் பின் டயர் இரண்டிலும் காற்று ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒன்றில் குறைந்தால் டிராக்டரே அப்பக்கம் சாயும். டிராக்டர் சாய்ந்தால் தட்டும் சாயும். கண்ணால் பார்த்து இது தெரியாது; அளவியை வைத்தே பார்க்க வேண்டும். எவ்வளவு காற்று வேண்டும் என்பது யந்திரத்தோடு வந்த கைப்புத்தகத்தில் இருக்கும். சீமைக் கருவேல முள் நிறைந்த நம் பகுதியில் காற்று மெல்ல மெல்ல இறங்குவது சகஜம்.

இரண்டாவது, இடவலச் சமன். டிராக்டரைச் சமமான தரையில், சிமெண்டுக் களம் இருந்தால் மிகவும் நல்லது, நிறுத்துக. தட்டை வெட்டும் உயரத்துக்கு இறக்கி, முட்டுக் கொடுத்து, தட்டின் இடது ஓரமும் வலது ஓரமும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளன என நாடாவால் அளக்க. கொத்தனாரிடமுள்ள ரசமட்டத்தைத் தட்டின்மேல் குறுக்கே வைத்தும் பார்க்கலாம். வேறுபாடு இருந்தால், கீழ்க் கையைத் தூக்கும் தண்டைத் திருகி நீட்டியோ குறைத்தோ சரி செய்க. அநேக டிராக்டர்களில் வலப்புறத் தண்டில் இதற்கெனக் கைப்பிடி உண்டு. தட்டு பக்கவாட்டில் ஆடாதபடி பக்கச் சங்கிலிகளையும் இழுத்துப் பூட்டுக.

மூன்றாவது, முன்பின் சரிவு. தட்டின் முன்பக்கம் பின்பக்கத்தைவிட அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை தாழ்ந்திருப்பது நன்று. அப்படியிருந்தால் அலகு முன்பக்கத்தில் ஒரே முறையில் புல்லை வெட்டிவிடும். முன்பக்கம் உயர்ந்திருந்தால், அலகு பின்பக்கத்தில் மறுமுறையும் வெட்ட நேரும், எஞ்சினுக்குப் பளு கூடும், டீசல் வீணாகும், வெட்டும் தாறுமாறாகும். டாப் லிங்க்கைக் குறைத்தால் பின்பக்கம் உயரும், நீட்டினால் தாழும். பின்னால் சிறு சக்கரம் உள்ள கருவியில் அச்சக்கரத்தின் உயரத்தையும் இதற்கேற்ப மாற்ற வேண்டும். இருபுறச் சறுக்குச் சட்டங்களும் ஒரே துளையில் மாட்டப்பட்டுள்ளனவா, ஒன்று மட்டும் தேய்ந்துவிட்டதா என்றும் காண்க.

நான்காவது, வேகம். இதில் இரண்டு வேகங்கள் உண்டு. பலர் இவற்றைக் குழப்பிக்கொள்கின்றனர். அலகு சுழலும் வேகம் குறையலாகாது. டிராக்டர் ஓடும் வேகம் கூடலாகாது. டீசலை மிச்சம் பிடிப்பதாக எண்ணி எஞ்சினை மெதுவாக ஓட்டினால், பி.டி.ஓ. 540 சுற்றை எட்டாது. அலகுகள் முழுவதும் விரியாமல் பின்னுக்கு மடங்கும். ஒரு கணக்குப் பார்ப்போம். டிராக்டர் மணிக்கு 5 கிலோமீட்டர் ஓடி, இரண்டு அலகுகளும் நிமிடத்துக்கு 800 முறை சுற்றினால், டிராக்டர் ஏறத்தாழ 2 அங்குலம் நகரும்போது ஓர் அலகு கடந்து செல்கிறது. டிராக்டரின் வேகத்தை மணிக்கு 10 கிலோமீட்டராக ஏற்றினால், 4 அங்குலத்துக்கு ஒரு முறைதான் கடக்கிறது. அடர்ந்த கோரையில் இவ்வளவு இடைவெளி விட்டால் வெட்டு விட்டுவிட்டுத்தான் விழும். ஆகவே எஞ்சினுக்குரிய சுற்றைக் குறைக்காமல், தாழ்ந்த கியரில் ஓட்டுவதே முறை.

ஐந்தாவது, பட்டைகள் ஏறும் அளவு. தென்னையை 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் நடுவது வழக்கம். இரு வரிசைகளின் பாத்திகளுக்கும் சேர்த்து 12 அடி போக, நடுவே 13 அடி இருக்கும். 5 அடிப் புல்வெட்டியை மூன்று முறை ஓட்டி, ஒவ்வொரு முறையும் முந்தைய பட்டையின்மேல் அரை அடி ஏறும்படி செய்தால் 14 அடி வெட்டலாம், மிச்சம் நில்லாது. இரண்டே முறை ஓட்டி முடிக்கப் பார்த்தால் 3 அடி நின்றுவிடும். டயர்த் தடத்தில் படுத்த புல்லுக்கு, அடுத்த முறை எதிர்த் திசையில் ஓட்டுவதே மருந்து.

ஆறாவது, தட்டின் அடிப்பக்கம். ஈரப் புல் தட்டின் அடியில் அப்பிக் காய்ந்தால், வெட்டுப்பட்ட புல் வெளியேற வழியின்றிக் கற்றை கற்றையாக விழும். வேலை முடிந்ததும் மரக்கட்டையால் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். காலைப் பனி காய்ந்த பிறகு வெட்டத் தொடங்குவது உத்தமம்.

ஏழாவதாகத்தான் அலகு. இரண்டு அலகுகளும் தத்தம் போல்ட்டில் தடையின்றி ஆடுகின்றனவா என்று பார்க்க. ஒன்றில் துரு ஏறியோ நார் சுற்றியோ இறுகிவிட்டால், யந்திரம் அதிரும், வெட்டு ஏறியிறங்கும். தாங்கியைக் கையால் மெல்லத் திருப்பி, ஒவ்வோர் அலகின் முனையையும் ஒரே இடத்தில் நிறுத்தித் தரையிலிருந்து அளக்க. ஓர் அலகு மற்றதைவிடத் தாழ்ந்தோ உயர்ந்தோ இருந்தால் அது வளைந்திருக்கிறது. வளைந்த அலகைச் சுத்தியால் தட்டி நிமிர்த்தலாகாது. நிமிர்த்தியது ஓடும்போது உடையக்கூடும். மாற்றுவதே பாதுகாப்பு. மாற்றும்போது இரண்டையும் ஜோடியாக மாற்றுக. கூர்முனை சுழலும் திசையை நோக்கியிருக்கிறதா என்பதையும் கவனிக்க.

மழுங்கிய அலகைத் தீட்டலாம். பூட்டுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல்லில் அரம் பிடிக்கத் தெரிந்த கைகளுக்குக் குறைவில்லை. ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும்: இது சவரக் கத்தி அன்று. மிகக் கூர்மையாக்கினால் முனை விரைவில் சிதையும். சற்றுத் தடித்த முனையே நீடிக்கும். இரண்டு அலகிலும் ஒரே அளவு தேய்க்க வேண்டும். தீட்டிய பின் இரண்டையும் மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். எடை ஒத்திருந்தால் பூட்டலாம். ஒவ்வாவிடில் கனத்ததை இன்னும் சிறிது தேய்க்க வேண்டும். எடை மாறிய அலகுகள் கியர் பெட்டியின் பேரிங்கைத் தேய்த்துவிடும்.

இத்தனையும் செய்தும் குறை தீரவில்லையானால், தாங்கியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்க்க. ஆட்டமோ ஓசையோ இருந்தால் பேரிங் போய்விட்டது. அது பட்டறை வேலை. அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும்.

விளையாட்டு மைதானத்துக்கு ஒரு குறிப்பு

கல்லூரிகளிலும் பெரிய மைதானங்களிலும் ஏறி அமர்ந்து ஓட்டும் சிறிய புல்வெட்டிகள் உள்ளன. அவற்றில் வெட்டும் தட்டு வண்டியின் வயிற்றுக்கடியில் தொங்குகிறது. அலகுகளைப் பெல்ட் சுழற்றுகிறது. அளவு சிறிதே தவிர, விதி ஒன்றுதான். நான்கு டயரிலும் உரிய காற்று, தட்டின் இடவலச் சமன், முன்பக்கம் கால் அங்குல அளவு தாழ்வு, அதன் பிறகே அலகு. பெல்ட் தளர்ந்திருந்தால் அலகின் சுழற்சி குறையும் என்பதை மட்டும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

அந்தச் சிற்றூரில் நடந்தது

மாசி மாதத்தில் ஒரு நாள் காலை, பெரியவரையும் ஓட்டுநரையும் அதே தோப்புக்கு வரவழைத்தோம். ஓட்டுநர் முதலில் வரத் தயங்கினார், “உங்கள்மேல் குற்றம் காண வரவில்லை, நாங்கள் சொன்ன யோசனையே தவறோ என்று பார்க்க வருகிறோம்” என்று சொல்லியனுப்பிய பிறகே வந்தார். நாடா, ரசமட்டம், காற்று அளவி, ஒரு குச்சி, இவையே நம் கையிலிருந்த கருவிகள். 50 அடி வெட்டி அளந்தோம். இடது ஓரத்தில் 2 அங்குலம், நடுவில் 3, வலது ஓரத்தில் 4 அங்குலத்துக்கு மேல். ஒவ்வொரு வரிசையிலும் இதே கணக்கு. புது அலகு கூர்மையாகத்தான் இருந்தது.

காற்றைப் பார்த்தோம். இடது பின் டயரில் காற்று வெகுவாகக் குறைந்திருந்தது. தேடியபோது ஒரு கருவேல முள் அகப்பட்டது. அடுத்து வலப்புறத் தூக்குத் தண்டைப் பார்த்த ஓட்டுநர் தாமே நெற்றியில் அடித்துக்கொண்டார். கோடையில் அதே டிராக்டரில் சட்டிக் கலப்பை பூட்டி உழுதிருக்கிறார். உழும்போது வலது சக்கரம் சாலுக்குள் இறங்கி ஓடுமாதலால், கலப்பை சமமாக நிற்க வலப்புறத் தண்டைக் குறைத்திருக்கிறார். உழவு முடிந்ததும் அதனைப் பழையபடி நீட்டவில்லை. இடது பக்கம் காற்றிறங்கித் தாழ, வலது பக்கம் தண்டு குறைந்து உயர, இரண்டு சிறு பிசகுகள் சேர்ந்து ஒரு பெருங்குறையாகிவிட்டன.

டயரை ஒட்டிக் காற்றடித்து, தண்டைத் திருகிச் சமன் செய்து, மறுபடி ஓட்டினார். குச்சி மூன்று இடத்திலும் ஏறக்குறைய 3 அங்குலம் காட்டியது. பெரியவர் குச்சியைக் கையில் வாங்கித் தாமே இன்னும் நாலைந்து இடத்தில் நட்டுப் பார்த்தார். பிறகு ஓட்டுநரை நோக்கி, “அன்றைக்கு உன்னை ஏசியிருக்க வேண்டாம், தம்பி” என்றார்.

செலவு, ஒரு பஞ்சர் ஒட்டும் கூலி மட்டுமே. புது அலகுக்குப் போன பணமும், கொட்டகையில் கழிந்த இரண்டு மாதமும் திரும்பி வரவில்லை. ஆராயாமல் சொன்ன ஒரு வார்த்தைக்கு அந்தக் குழு கொடுத்த விலை அது. அன்றிலிருந்து, அளக்காமல் யோசனை சொல்வதில்லை என்று நாம் முடிவு செய்துகொண்டோம்.

பஞ்சாயத்துகளும் குழுக்களும் செய்யத்தக்கவை

யந்திரம் ஒருவருக்குச் சொந்தமாயிருந்தால் அதன் குணம் அவருக்குத் தெரியும். பொதுவில் உள்ள யந்திரமும் வாடகை யந்திரமும் பல கைகள் மாறுபவை. ஒருவர் திருகியதை மற்றவர் அறியார். ஆகவே மூன்று ஏற்பாடுகளைப் பரிந்துரைக்கிறோம்.

யந்திரத்துடன் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். தேதி, ஓடிய மணி, டயரின் காற்று, குச்சி காட்டிய மூன்று அளவுகள், கிரீஸ் வைத்த நாள், அலகு தீட்டிய நாள் ஆகியவற்றை அதில் எழுதி வருக. வேறு கருவி பூட்டி வேலை செய்திருந்தால் அதையும் குறிக்க.

வாடகை பேசும்போதே, “முதல் 50 அடி வெட்டியதும் நிறுத்தி அளப்போம், சரியாக இருந்தால் தொடர்வோம்” என்று இரு தரப்பாரும் ஒப்புக்கொள்க. அளவு இருக்கும் இடத்தில் வாக்குவாதம் குறையும். வேலை முடிந்த பிறகு குறை சொல்வதால் விவசாயிக்கும் பயனில்லை, ஓட்டுநருக்கும் மனக்கசப்பு. வேளாண்மைப் பொறியியல் துறையிடமிருந்து வாடகைக்கு எடுக்கும் யந்திரமாயினும், தனியாரிடமிருந்து எடுப்பதாயினும் இம்முறை பொருந்தும்.

வெட்டும் காலத்தையும் முன்கூட்டியே நிச்சயிக்க வேண்டும். களை பூக்குமுன் வெட்டினால்தான் பலன். பார்த்தீனியம் வெட்டிய பிறகும் அடியிலிருந்து கிளைக்கும் தன்மையுடையது. ஆதலால் புல்வெட்டி ஓடிய பின், தப்பி நிற்பவற்றைப் பூக்குமுன் வேரோடு பிடுங்குவது அவசியம். அச்செடி சிலருக்குத் தோலில் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் உண்டாக்குமாகையால், கையுறை அணிந்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு பிடுங்குக.

கிராமத்துக்கு யந்திரம் வந்துவிட்டால் மட்டும் போதாது. அதனை அறிந்து பேணும் கையும் வரவேண்டும். அந்த அறிவு பெரிய படிப்பினால் வருவதன்று. ஒரு நாடா, ஒரு ரசமட்டம், கோடு போட்ட ஒரு குச்சி, சற்றுப் பொறுமை ஆகியவை போதும். அடுத்த மழை ஓய்ந்து புல் எழும்போது, யந்திரத்தைத் தோப்புக்குள் இறக்குமுன் டயரின் காற்றையும் தட்டின் சமனையும் ஒருமுறை பார்த்துவிடுமாறு விவசாய அன்பர்களையும் பஞ்சாயத்து அங்கத்தினர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.